உயர்தரத் தரவுத்தள அலகைக் கட்டளை வரியில் படித்தல்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பரீட்சையில் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் கூற்றுகளைத் தாளிற் கையால் எழுத வேண்டியிருப்பதால், சுட்டியால் அழுத்தி அட்டவணை அமைக்கும் பிஎச்பிமைஅட்மின் பக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் கட்டளை வரியிலேயே (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையிலேயே) பழகுவது நல்லது. பொத்தான்களை அழுத்திப் பழகியவருக்குக் கூற்றின் சொல்லொழுங்கு கையில் வராது.

பயிற்சிக்கு ஊர்ச் சனசமூக நிலைய நூலகத்தை எடுத்துக்கொண்டேன். ‘கிறியேற் டேற்றாபேஸ்’ என்று தரவுத்தளத்தை உருவாக்கி, ‘யூஸ்’ கட்டளையால் அதனுள் நுழைந்த பின்னரே அட்டவணைகளைத் தொடங்கலாம். இரவல் அட்டவணை உறுப்பினர் இலக்கத்தையும் நூல் இலக்கத்தையும் அந்நியச் சாவிகளாக (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலங்களாக) கொண்டிருப்பதால், உறுப்பினர், நூல் ஆகிய இரண்டையும் முதலில் உருவாக்காவிட்டால் தரவுத்தள வழங்கி (சேவர்) இரவல் அட்டவணையை ஏற்க மறுத்துவிடும். பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்த ஒழுங்கு, வழுச்செய்தியை நேரிற் கண்டவருக்கு மறப்பதில்லை.

கூற்றின் இறுதியில் அரைப்புள்ளி இடாமல் எண்டர் விசையை அழுத்தினால், திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் தோன்றும். கணினி உறைந்துவிட்டதெனப் பலர் சாளரத்தையே மூடிவிடுகின்றனர். உண்மையில் அது கூற்றின் மிகுதிக்காகக் காத்திருக்கிறது; அரைப்புள்ளியை இட்டால் போதும். அம்புக்குறிக்குப் பதிலாக மேற்கோட்குறி தெரிந்தால், திறந்த மேற்கோளை முதலில் மூட வேண்டும்.

தமிழிற் பெயர்களைச் சேமிப்போர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. எட்டாம் பதிப்புக்கு முந்திய மைஎஸ்கியூஎல்லின் இயல்புநிலை எழுத்துத்தொகுதி, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லற்றின்1 என்பதால், அதில் தமிழைச் சேமிக்க இயலாது. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே தமிழையும் ஏற்கும் யூரிஎப்8எம்பி4 எனக் குறிப்பிட்டுவிட வேண்டும். பெயருக்கான நிரலின் (அட்டவணையின் நெடுவரிசையின்) நீளத்தையும் தாராளமாக வையுங்கள். ‘சுப்பிரமணியம்’ நமக்கு 8 எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் தரவுத்தளத்துக்கோ அது 13. பரீட்சையில் இது வராதுதான், ஆனால் செயற்றிட்டம் செய்யும்போது நிச்சயம் வரும்.

எழுதிய கூற்றுகளை ஓர் எழுத்துக்கோப்பிற் சேமித்துவைத்தால், பிறகு ‘சோர்ஸ்’ கட்டளையால் அனைத்தையும் ஒரே தடவையில் இயக்கலாம். அலகு ஓரளவு கைவந்ததும், ‘ட்றொப் டேற்றாபேஸ்’ கொடுத்து முழுவதையும் அழித்துவிட்டு, கூற்றுகளைக் கோப்பைப் பாராமல் முதலில் தாளில் எழுதி, எழுதியபடியே தட்டச்சிட்டுப் பாருங்கள். ‘ட்றொப்’ கட்டளை, உறுதிதானா என்று ஒருமுறைகூடக் கேட்காது என்பதால், பாடசாலைக் கணினியில் அதைக் கொடுக்குமுன் தரவுத்தளத்தின் பெயரை மறுபடி வாசியுங்கள்.