பளபளத்த போல்ட்டுகள்

வாகனப் பரிசோதகனாக அந்தக் காருக்கு நான் தேர்ச்சி போட்டதில் சட்டப்படி தவறு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றும்.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் கடற்கரையோரம் ஓடும் கார்களின் அடிப்பாகத்தை உப்புக்காற்று என்ன பாடு படுத்தும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். லிஃப்டில் ஏற்றிய அந்தக் காரிலும் எங்கும் துரு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மட்டும் பளபளத்தன. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிது. கன்வெர்ட்டரின் உறை பழையது. ஆனால் அதன்மேல் சாலைச் சேறு இல்லை, அலமாரியில் கிடந்த பொருளின் மெல்லிய தூசி இருந்தது. பரிசோதனை மையத்துக்கு வருமுன் கராஜில் வேலை பார்த்தவன் நான். இரண்டாவது முறை பார்க்கத் தேவைப்படவில்லை. நேற்றுவரை அந்த இடத்தில் வெறும் குழாய் இருந்திருக்கும். நாளை மறுபடியும் இருக்கும்.

காரைக் கொண்டுவந்த பையன் காரைக்கால் குடும்பத்தைச் சேர்ந்தவன், கோயிலில் பார்த்த முகம். “தம்பி, இந்தக் கன்வெர்ட்டர் நாளைக்கும் இங்கேயே இருக்குமா?” என்று கேட்டுவிட்டேன்.

“அண்ணா, இன்றைக்கு இருப்பதைத்தானே நீங்கள் பார்க்க வேண்டும்?”

துடுக்காகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் விதியும் அதையேதான் சொல்கிறது. எதையும் கழற்றிப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை; வண்டி அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுவதே வேலை. பரிசோதனை விதிகளில் வந்த 2018 மே மாதச் சீர்திருத்தம் 133 அம்சங்களைப் பார்க்கச் சொன்னது. சந்தேகத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகத்தை நீக்குபவருக்கும் நீக்கச் செய்பவருக்கும் 7,500 யூரோ வரை அபராதம் உண்டு என்பது உண்மை. ஆனால் என் கண்முன் நின்ற காரில் எதுவும் நீக்கப்பட்டிருக்கவில்லை. நான் போலீஸும் அல்ல.

எஞ்சினைச் சூடாக்கிப் புகையை அளந்தேன். எஞ்சின் சுழலும் வேகத்தை உயர்த்திப் பிடித்தபோது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீத வரம்புக்கு வெகு கீழே இருந்தது. காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவில். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. தேர்ச்சி.

அதே வாரத்தில்தான் சலாசி மலைப்பகுதியிலிருந்து ஒரு கிரியோல் அம்மா வந்தார். பழைய பெட்ரோல் கார். எதையும் கழற்றாத, எதையும் மறைக்காத வண்டி. பல ஆண்டுகள் மலைப்பாதையில் ஏறி இறங்கி, உள்ளிருக்கும் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் செயலிழந்துபோன கன்வெர்ட்டர். அளவு வரம்பைத் தாண்டியது. இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லித் தாளை நீட்டினேன். புதியது என்ன விலை என்று கேட்டார். பழுதுபார்ப்பவர்களோடு எங்களுக்குத் தொடர்பு இருக்கக்கூடாது என்பது விதி; கராஜில் கேளுங்கள் என்றேன். விலை எனக்குத் தெரியும்.

இதில் எது நியாயம் என்று யோசித்துப் பார்க்கிறேன். பையனின் கன்வெர்ட்டர் அத்தனை சுத்தமான அளவைக் காட்டியதற்குக் காரணமே அது உழைக்காததுதான். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு ஆண்டுகள் அலமாரியில் ஓய்வெடுத்து, ஒரு நாள் வேலைக்கு வந்து, முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறது. உழைத்துத் தேய்ந்தது தோற்கிறது.

இதைச் சொன்னால் எங்கள் மேலாளர் சிரிப்பார். பளபளக்கும் போல்ட்டையெல்லாம் சந்தேகப்பட்டால், நேர்மையாகப் பழுது பார்த்தவர்தான் முதலில் மாட்டுவார் என்பார். அவர் சொல்வதும் சரி. அந்த அம்மா மறுபரிசோதனைக்கு வந்தபோது அவர் காரிலும் போல்ட்டுகள் புதியவை. வாங்கினாரா, யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டினாரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

அப்படியானால் பையனிடம் மட்டும் ஏன் கேட்டேன்? பரிசோதகனாகக் கேட்டேன் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அண்ணன் என்று அழைக்கப்பட்டவனாகக் கேட்டேன் என்றால், அவன் பதிலோடு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. வெறும் குழாய் வழியாக வரும் புகை அவன் தெருக் குழந்தைகளின் மூக்குக்குத்தான் போகிறது என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பானா என்பது வேறு விஷயம். அந்த வயதில் நானும் சைலன்சர் சத்தத்தில் மயங்கியவன்தான்.

நம் ஊர்ப் பையன் என்ற அக்கறையில் கேட்டேன் என்று வீட்டில் சொன்னேன். “நம்மவனுக்கு மட்டும் தனிப் பரிசோதனையா?” என்றாள் மனைவி. இல்லை, எல்லோருக்கும் ஒரே பரிசோதனைதான் என்றேன். “அப்படியென்றால் அந்த அம்மாவிடமும் கேட்டிருக்க வேண்டும், அல்லது இவனிடமும் கேட்டிருக்கக் கூடாது” என்றாள். அவள் கணக்கு ஆசிரியை. இரண்டில் ஒன்றுதான் விடையாக இருக்க வேண்டும் அவளுக்கு. எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. அந்தக் கார் மறுபடியும் வந்தாலும் கேட்பேன், கேட்டுவிட்டுத் தேர்ச்சியும் போடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.