நல்லெண்ணெய் சீசன்: ஸ்பான்ஸர் பக்கத்து நாட்குறிப்பு

செப்டம்பர் 18, 2024

தீபாவளி அக்டோபர் 31. எங்கள் செக்கு நல்லெண்ணெய்க்கு இதுதான் சீசன். மதுரை சமையல் சேனல் தம்பியோடு பேசி முடித்தேன். ஒரு யூடியூப் வீடியோ, இரண்டு ரீல்ஸ், பாதிப் பணம் அட்வான்ஸ். ஒரு மாதத்துக்கு வேறு எந்த எண்ணெய்க்கும் செய்யக்கூடாது என்று கேட்டேன். "தீபாவளி மாசத்துலதான்க்கா எனக்கு வருமானமே" என்றார். நியாயம்தான். நல்லெண்ணெய்க்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டோம். இவரைவிடப் பெரிய சேனல்கள் இருக்கின்றன. ஆனால் கமென்ட்டில் யார் சந்தேகம் கேட்டாலும் இவர் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்.

செப்டம்பர் 25

டிடிஎஸ் (நாங்களே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) 10 சதவீதம் போக அட்வான்ஸ் போனது. "குறையுதேக்கா" என்று உடனே போன். ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 12

வீடியோவின் முதல் எடிட் பார்வைக்கு வந்தது. "கொலஸ்ட்ரால் குறையும், மூட்டுவலி போயிடும்" என்கிறார். எங்கள் விற்பனைப் பிரிவு அனுப்பிய குறிப்பில் இருந்த வரிகள். தப்பு எங்களுடையது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய 2018 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் இடமே இல்லை. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம், அதில் நடிப்பவருக்கும் சேர்த்து. எங்கள் காகிதத்தை நம்பிப் பேசிய பையன் அதில் மாட்டக்கூடாது. அந்த வரிகளை நீக்கச் சொன்னேன்.

அப்புறம் 'விளம்பரம்' என்ற சொல். டிஸ்கிரிப்ஷனில், யார் கண்ணிலும் படாத அடியில் போட்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் பொருளைப் பற்றிப் பேசும் நேரம் முழுக்க அது திரையில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்கி (விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி. வியூஸ் விழும் என்று பயந்தார். விழட்டும், விளம்பரம் என்று தெரிந்தே பார்க்கிறவர்கள் வாங்கினால் போதும் என்றேன்.

அக்டோபர் 19

வீடியோ வந்துவிட்டது. நாங்கள் எழுதிக் கொடுத்த நாலு வரியை விட்டுவிட்டு, மிளகும் வெற்றிலையும் போட்டு எண்ணெய் காய்ச்சும் தன் பாட்டியின் பழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். கமென்ட் முழுக்க அவரவர் வீட்டுக் கைப்பக்குவம். இனி வரிகள் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. சொல்லக் கூடாதவற்றை மட்டும் எழுதிக் கொடுப்பேன்.

நவம்பர் 4

கூப்பன் கோடில் வந்த ஆர்டர்களை வைத்து மட்டும் முதலாளி கணக்குக் கேட்கிறார். கடைக்குப் போய் "அந்தத் தம்பி காட்டுன எண்ணெய்" என்று கேட்டு வாங்கியவர்கள் அதில் வர மாட்டார்கள். ஏழு கடைக்காரர்களுக்கு நானே போன் செய்து விசாரித்துக் குறித்திருக்கிறேன், நாளை அதையும் வைப்பேன். மீதிப் பணம் இன்றே போய்விட்டது. போன வருடம் வேறொரு கம்பெனி அவரை நாலு மாதம் இழுத்தடித்ததாம்.