ஒரு மணல் துகள், இரண்டு கணக்கு

மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலில் கால் புதைய நடந்து வளர்ந்தவனுக்கு, டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே பக்கத்து மணல்மேடுகள் அன்னியமாகத் தெரியவில்லை. அதே இல்மனைட், அதே ருட்டைல், அதே ஜிர்கான் தாதுக்கள், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிற மோனசைட். எங்கள் ஊர் மோனசைட்டை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் அடையாளம் கண்டது, அங்கிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். சின்ன வயதில் அந்தக் கதை வேடிக்கையாக இருந்தது. ஒரு துகள் எதில் ஒட்டி எங்கே போய்ச் சேரும் என்று தேடுவதே பிறகு என் பிழைப்பாகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கடற்கரை மணல் ஆலை ஒன்றில், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில். மோனசைட் என்பது லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற லாந்தனைடுகளின், அதாவது அரிய மண் உலோகங்களின், பாஸ்பேட். அதோடு கதிரியக்கம் உள்ள தோரியமும் சில சதவீதம் சேர்ந்தே இருக்கும். ஈரமாக இருக்கும்வரை மணல் சாது. காந்தத்தாலும் மின்னழுத்தத்தாலும் தாதுக்களைப் பிரிப்பதற்காக உலர்த்தியபின்தான் தூசி கிளம்பும். தோரியம் விடும் ஆல்பா துகள் தோலைத் தாண்டாது; ஆனால் அந்தத் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் தடுக்க அங்கே தோல் கிடையாது. எங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்புகளில் நேரம், தூரம், தடுப்பு என்று மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். தூசியைப் பற்றிக் கடைசியில் அவசர அவசரமாக ஒரு பாடம். மணல் ஆலையைப் பொறுத்தவரை இது தலைகீழ் வரிசை என்பது என் கருத்து; அன்றும் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை.

உலர் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் ஒரு பெரியவர் இருந்தார். 1860இல் தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர். வீட்டில் பாட்டி பேசிக் கேட்ட தமிழ்தான் அவருடையது, பாதிக்கு மேல் ஆங்கிலம் கலந்திருக்கும். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தம்பி, இந்தக் கையோட போய் பேத்தியத் தூக்கலாமா?”

“தாராளமா தூக்குங்க அண்ணாச்சி. சட்டைய இங்கேயே போட்டுட்டு, குளிச்சிட்டு மட்டும் போங்க.”

அவர் பயந்தது, தானே கதிர் வீசும் பொருளாகிவிட்டோமோ என்று. தாதுவிலிருந்து வரும் காமா கதிர் உடம்பைக் கடந்து போனால் உடம்பு கதிரியக்கம் உள்ளதாகிவிடாது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் ஒளிர்வதில்லையே. ஆனால் தூசி சட்டையில் வீட்டுக்குப் போகும். தொழிலாளிக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), பொதுமக்களுக்கு 1. பேத்தி பொதுமக்கள் கணக்கில் வருகிறவள். இதை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார்.

அப்புறம் ஆலையை விட்டு ஆய்வகத்துக்கு வந்தேன். லாந்தனைடுகளை ஒன்றொன்றாகப் பிரித்து எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. எல்லாமே மூன்று எலக்ட்ரானை இழந்து +3 நிலையில் இருக்கப் பிரியப்படும்; ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அயனியின் அளவு மிகக் கொஞ்சமாகச் சுருங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சீரியம் +4 ஆவதும் யூரோப்பியம் +2 ஆவதும்தான் நமக்குக் கிடைக்கும் சலுகை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான லுட்டீசியம் 177ஐ இட்டெர்பியத்திலிருந்து பிரிப்பவர்களைக் கேட்டால் தெரியும்: அரை ஆயுள் ஏழு நாள்கூட இல்லை, அதற்குள் ஒட்டிப் பிறந்த இரண்டையும் பிரித்து மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

விண்கல் என் மேசைக்கு வந்தது இந்த லாந்தனைடு வேலை வழியாகத்தான். இந்த நாட்டில் விண்கல்லும் புதைபடிவம் போலவே 1999ஆம் ஆண்டுப் பாரம்பரிய வளச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதி இல்லாமல் உடைக்கக்கூட முடியாது. (இங்கே விண்கல் மோதி உண்டான மொரோக்வெங் பள்ளத்தின் அடியில் 25 செ.மீ. அளவுள்ள விண்கல் துண்டு ஒன்று கரையாமல் பிழைத்துக் கிடந்ததை 2006இல் அறிவித்தார்கள். விழுந்து 14 கோடி ஆண்டுகளுக்கு மேல்! இன்றைக்கும் எனக்கு நம்ப முடியாத செய்தி.) பூமியின் பாறை எதிலும் லாந்தனைடுகளை அளந்தால், அந்த எண்களை 1938இல் தான்சானியாவில் விழுந்த இவுனா போன்ற விண்கற்களின் எண்களால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். சூரியனின் கலவைக்கு மிக நெருங்கியவை அவை. அதே இனக் கல்லை அளந்து வகுத்தால் வரைபடத்தில் கிடைமட்டக் கோடு வர வேண்டும்.

எங்களுக்கு ஒரு முறை அது வரவில்லை. லாந்தனம், சீரியம் பக்கம் ஏறி, கனமான பக்கம் சரிந்தது. “அண்ணா, இது புது வகையா இருக்குமோ?” என்று எங்கள் மாணவர் துள்ளினார். அளப்பதற்காக நியூட்ரான் கதிரில் வைத்து எடுத்த கல் மாதிரி அது. எந்த ஆற்றலில் எவ்வளவு காமா கதிர் வருகிறது என்று காட்டும் காமா நிறமாலையை விரித்துப் பார்த்தோம். லாந்தனம் 140இன் 1596 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டோடு, 312இல் இன்னொரு கோடும் தலைதூக்கி நின்றது. அது புரோட்டாக்டினியம் 233, தோரியம் நியூட்ரானை விழுங்கினால் வருவது. லாந்தனமும் தோரியமும் கைகோத்து வந்தால் வேறு யார்? எங்கள் ஊர்க்காரர் மோனசைட்தான். ஆலை மாதிரிகளைக் கொண்டுவந்து தருகிறவர் கையெழுத்து வாங்கும் பதிவேடு, கல்லைப் பொடிக்கும் அறை வரை போய்வந்திருந்தது.

அன்று மாலை நான் போட்ட கணக்கு இன்னும் மனசில் இருக்கிறது. இவுனா வகைக் கல் ஒரு கிராமில் லாந்தனம் சுமார் 0.24 மைக்ரோகிராம். 0.1 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு மோனசைட் துகளில் சுமார் 0.3 மைக்ரோகிராம். அதாவது கண்ணுக்குத் தெரிவதே சந்தேகமான ஒரு துகள், ஒரு கிராம் விண்கல்லை விழுங்கிவிடும். அதே துகளைப் பாதுகாப்பு அதிகாரியாக எடைபோட்டால்? அதிலுள்ள தோரியம் சராசரியாக அரை மணி நேரத்துக்கு ஒரு அணு என்ற அளவில்தான் சிதையும். என் கெய்கர் கருவி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆலையின் அளவுகோலில் அந்தப் பதிவேடு சுத்தம், படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். விண்கல்லின் அளவுகோலில் அது நாசம்.

அதன்பிறகு குளோவ் பாக்ஸை, அதாவது கையுறை பொருத்திய மூடிய பெட்டியை, பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. கதிரியக்கப் பொடியைக் கையாளும் பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும், தூசி வெளியே வராது. சிறுகோளின் மண்ணைக் கையாளும் பெட்டியில் தூய நைட்ரஜன், அழுத்தம் வெளியைவிடக் கூடுதல். ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறும், நாம் உள்ளே போக மாட்டோம். ஹயபுசா 2 விண்கலம் 2020இல் ரியுகு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது மொத்தமே 5.4 கிராம். 2023இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து வந்தது 121.6 கிராம். அதை நம்மிடமிருந்து காப்பாற்றத்தான் அத்தனை ஏற்பாடும். கையுறை, ஒட்டும் பாய், உடை மாற்றும் அறை எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே, திசைதான் வேறு. நல்ல பகுப்பாய்வாளர்கள் பலர் இந்தப் பழக்கங்களைப் பெரிய சாதனை போலப் பேசுவார்கள். உலர் பிரிவுத் தொழிலாளிக்கு அது தினசரிக் குளியல்.

இப்போது மேற்கு கேப்பில் உள்ள ஸ்டீன்காம்ஸ்க்ரால் சுரங்கத்தைப் பற்றி இளையவர்கள் கேட்கிறார்கள். 1952 முதல் 1963 வரை அங்கே மோனசைட்டைத் தோண்டியது தோரியத்துக்காக. இன்று கண் எல்லாம் காந்தத்துக்கான நியோடிமியத்தின் மேல். அன்றைய சரக்கான தோரியம் இன்றைக்குச் சுமை. அதை எங்கே, எப்படி வைப்பது என்று தீராமல் நியோடிமியத்தைத் தொட முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது வேதியியலுக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் போட்டு, இரண்டு கட்டடத்தில் உட்கார வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் ஒரே மேசையில் போடச் சொல்வேன்.