முப்பத்திரண்டு கட்டத்துக்குள் ஒரு கத்தரிக்கோல்

வடிவமைப்புப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: கைவினைக் கருவிகளில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐகான் வரைய வேண்டும். நான் கத்தரிக்கோலில் தொடங்கினேன். திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, விரல் நுழையும் வளையங்களின் வளைவை ஒரு மாலை முழுவதும் இழைத்து இழைத்து வரைந்தேன். அலகுகளின் ஓரத்தில் உலோகப் பளபளப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. மறுநாள் ஆசிரியர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் 32 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினார். திரையில் மிஞ்சியது ஒரு நசுங்கிய கொசு. "இதை வெச்சு எதை வெட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அன்றிரவு கணினியை மூடிவிட்டு, கட்டம்போட்ட நோட்டில் 32-க்கு 32 என்று எல்லைகட்டி, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகக் கருப்பாக்கத் தொடங்கினேன். மொத்தம் 1024 கட்டங்கள். கேட்பதற்கு நிறையத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு அலகு, இரண்டு வளையம், சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் என்று ஒதுக்கிப் பார்த்தால் ஒரு கட்டத்தைக்கூட வீணாக்க முடியாது என்பது கால் மணி நேரத்தில் புரிந்துவிடும். வளையத்தின் உள்ளே மூன்று கட்டம் விட்டால்தான் அது ஓட்டை என்று தெரிகிறது. இரண்டு விட்டால் அழுக்குப்போல் தெரிகிறது. அலகுகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் ஒரே ஒரு கட்டத்தை அழித்து வெள்ளையாக்கினேன். அதுவரை வாயைத் திறந்த பறவையாக இருந்த உருவம் அந்தக் கணமே கத்தரிக்கோலாகிவிட்டது, ஏனென்றால் அந்த வெள்ளைக் கட்டம் திருகாணியாகிவிட்டது. ஒரு மாலை முழுவதும் நான் வரைந்த பளபளப்பால் முடியாத வேலையை அந்த ஒரு கட்டம் செய்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வழியில் எனக்கு முன்பே ஒருவர் நடந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்களை வரைந்த சூசன் கேர், அந்த வேலைக்கு வருவதற்கு முன் கணினி வரைகலையைத் தொட்டதில்லை. கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர், சிற்பம் செய்துகொண்டிருந்தவர். மெக்கின்டாஷ் குழுவில் இருந்த பள்ளிக்கால நண்பர் ஒருவர், கட்டத்தாள் வாங்கி 32-க்கு 32 கட்டத்துக்குள் படம் வரைந்து பாருங்கள் என்று சொல்ல, அவரும் கையால் கட்டங்களை நிரப்பித் தொடங்கினார். மொசைக்கும் ஊசிவேலையும் தெரிந்தவருக்கு இந்தப் புள்ளிப் படம் புதிய ஊடகமே இல்லை என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். எனக்கு அந்தச் செய்தி ஒரு விடுதலைபோல் இருந்தது. அதுவரை என் மேசையின் இடப்பக்கத்தில் கணினியும் வலப்பக்கத்தில் நூல், குரோஷே ஊசி, ஃபோம் தகடு, மூடி தொலைந்த பசை டப்பா ஆகியவையும் இருந்தன. இடப்பக்கத்தைப் படிப்பு என்றும் வலப்பக்கத்தைப் பொழுதுபோக்கு என்றும் நானே பிரித்து வைத்திருந்தேன்.

பழைய கணினி விளையாட்டுகளின் மீது எனக்குள்ள பித்தும் இந்த இடத்தில்தான் வேர்கொண்டிருக்கிறது. 1981-இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டில் முதன்முதலாகத் தோன்றிய மாரியோவுக்கு மீசை ஏன் என்று கேட்டால், பதில் அழகியலில் இல்லை, புள்ளிக் கணக்கில் இருக்கிறது. 16-க்கு 16 கட்டத்துக்குள் வாயை வரைய இடம் கிடையாது. மீசை வைத்தால் மூக்கு தனியாகத் தெரியும். முடி வரைவது சிரமம், குதிக்கும்போது அது அசையவும் வேண்டும். தொப்பி போட்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. கை அசைவது கண்ணுக்குப் பட வேண்டும் என்பதற்காக உடம்புக்கு ஒரு நிறம், கைக்கு வேறு நிறம் என்று தொள தொள வேலையுடுப்பு. அந்த உருவத்தைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ கல்லூரியில் படித்தது தொழில் வடிவமைப்பு என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. 1999-இல் ஜப்பானியக் கைபேசிகளுக்காக ஷிகெட்டாகா குரிட்டா வரைந்த 176 எமோஜிகளோ இன்னும் நெருக்கடியானவை: ஒவ்வொன்றுக்கும் 12-க்கு 12, அதாவது 144 புள்ளிகள் மட்டும்.

கத்தரிக்கோல் ஐகான் முடிந்ததும் அதைத் துணியில் தைக்கலாம் என்று தோன்றியது. கிராஸ் ஸ்டிச் செய்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐடா துணி என்பதே நெய்து வைத்த கட்டத்தாள். நான் எடுத்த துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆகவே 32 கட்டம் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று கூடுதலாக வந்தது. எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும். இந்தத் துணிக்கு அதிலிருந்து இரண்டு இழையைப் பிரித்தெடுத்துக் கோக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி விழுகிறது, அந்தக் குறியின் மேல்கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாறிச் சாய்ந்தாலும் வெளிச்சம் அங்கே வேறு மாதிரி பட்டு, ஒரே கருப்பு நூலில் இரண்டு கருப்பு தெரியும். பிக்சலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. துணியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சாய்வு இருக்கிறது, அதைத் தைக்கும் கையின் அலுப்பும் அதில் பதிகிறது.

பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை பென்சிலில் அடையாளக் கோடு போட்டுக்கொண்டு தைப்பதுதான் முறை. சின்ன உருவம்தானே என்று நான் போடவில்லை. இடது அலகின் பாதியில் ஒரு கட்டம் தவறியிருக்கிறது, அது தெரியாமலே கீழிறங்கி இரண்டு வளையங்களையும் தைத்து முடித்தேன். திருகாணிக் கட்டத்தில் நான்கு பக்கமும் சேர வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் சேரவில்லை. முதலில் துணி இழுத்திருக்கிறது என்று நினைத்தேன், பிறகு மேலிருந்து ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தபோது பன்னிரண்டாவது வரிசையில் குற்றவாளி அகப்பட்டது. பிரித்தேன். கருப்பு நூலைப் பிரித்தால் அதன் பிசிறு வெள்ளைத் துணியின் ஓட்டைகளில் சிக்கிச் சாம்பல் பூத்துவிடும். ஒட்டுநாடாவை ஒற்றி ஒற்றி அதை எடுக்க வேண்டியிருந்தது. "மறுபடியும் பிரிக்கிறியா? யாரு பாக்கப் போறாங்க, விட்டுடேன்," என்றார் அம்மா. இரண்டாம் முறை அலகுகள் சரியாக வந்தன, வலது வளையம் ஒரு கட்டம் வெளியே தள்ளிப் போயிருந்தது. இந்த முறை அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் அப்பல்லோ விண்கலக் கணினியின் நினைவகத்தைப் பற்றிப் படித்தேன், கை தானாகவே என் துணியைத் தொட்டது. நிலவுக்குப் போன அந்தக் கணினியின் நிரல் கயிற்று நினைவகம் என்ற ஒன்றில் இருந்தது: சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே செம்புக் கம்பி நுழைந்து போனால் 1, வளையத்தை விட்டு வெளியே சுற்றிப் போனால் 0. சுமார் 36,000 சொற்கள் (கணினி ஒரே மூச்சில் எடுத்துக் கையாளும் 0, 1-களின் தொகுதியைத்தான் இங்கே சொல் என்கிறார்கள்) கொள்ளும் அந்த நினைவகத்தைத் தொழிற்சாலையில் பெண்கள் ஊசியில் கம்பி கோத்துக் கையால் நெய்தார்கள். நெசவிலும் கைக்கடிகார வேலையிலும் பழகிய கைகள் அதற்குத் தேவைப்பட்டன. நெய்து முடித்தபின் ஒரு பிழையைத் திருத்துவது அவ்வளவு எளிதில்லை என்பதால், பறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிரலை இறுதி செய்தாக வேண்டும். மென்பொருள் என்ற சொல்லை நான் அதுவரை எடையில்லாத ஒன்றாகத்தான் எண்ணியிருந்தேன். ஒரு கம்பி தவறான வளையத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்பது, பன்னிரண்டாவது வரிசையைப் பிரித்த எனக்குக் கொஞ்சமாவது புரியும்.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1804-இல் வந்த ஜாக்கார்டு தறியில், துளையிட்ட அட்டை ஒவ்வொன்றும், குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை நூலுக்கும் நெடுக்காக நிற்கும் எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்பதைச் சொல்லும். அந்த முறையில், சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு, தறியை உருவாக்கிய ஜாக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியை, கணினிக்கு முன்னோடியான எந்திரத்தை வடிவமைத்த கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். அவருடைய பகுப்பு எந்திரம், தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் இயற்கணித உருவங்களை நெய்கிறது என்று கணிதவியலாளர் ஏடா லவ்லேஸ் 1843-இல் எழுதினார். அந்த வாக்கியத்தை உவமை என்று வகுப்பில் சொன்னார்கள். நான் அதைக் கிட்டத்தட்ட செய்முறைக் குறிப்பாகவே படிக்கிறேன்.

எண்ணுவது என்றதும் கட்டமும் நேர்கோடும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன, ஆனால் என்னை அதிகமாக ஆட்டிவைத்த எண்ணிக்கை குரோஷேயில் இருக்கிறது. வட்டமாகப் பின்னிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சுற்றிலும் தேவையான அளவு கண்ணிகளைக் கூட்டினால் துணி தட்டையாகப் படியும். குறைவாகக் கூட்டினால் தொப்பிபோல் குழியும். அதிகமாகக் கூட்டினால் ஓரமெல்லாம் அலையலையாகச் சுருளும். மூன்றாவதைப் பிழை என்றுதான் கற்றுக்கொடுப்பார்கள். 1997-இல் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் அந்தப் பிழையையே விடாப்பிடியாகப் பின்னி, மீவளைவுத் தளம் என்று கணிதத்தில் சொல்லப்படும் பரப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தார். விதி ஒரே வரிதான்: குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிக்கு ஒன்று கூட்டு, கடைசிவரை அதை மாற்றாதே. நானும் 20 கண்ணியில் தொடங்கி, ஐந்துக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட ஐந்தில் ஒரு பங்கு நீளம், அவ்வளவுதானே என்று அலட்சியமாக இருந்தேன். பத்தாவது கூட்டலில் அது 120-ஐத் தாண்டியது. இருபதாவதுக்குப் போயிருந்தால் 760-க்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பதினான்காவதில் நூலை அறுத்தேன். ஆயினும், அடுக்குவட்டி என்றால் என்ன என்பதை எந்தப் பாடத்தைவிடவும் அந்த மணிக்கட்டு வலி எனக்கு நன்றாகச் சொல்லித் தந்தது.

இந்த அறிவு எனக்குப் பயன்பட்டது காஸ்பிளேயில், அதாவது கதாபாத்திரங்களைப்போல் உடையணிந்துகொள்ளும் பொழுதுபோக்கில். கற்பனைக் கதாபாத்திரம் ஒன்றுக்கு முன்கைக் கவசம் செய்ய வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ தட்டையான ஃபோம் தகடு. முன்கையைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மாஸ்கிங் டேப் என்று ஓர் உறையைக் கட்டி, எங்கெங்கே இணைப்பு வர வேண்டும் என்று பேனாவால் கோடிட்டு, கவனமாக வெட்டி உரித்து மேசையில் விரித்தேன். முழங்கையின் பக்கத்தில் அது படிய மறுத்தது. தையல்காரர்கள் அந்த இடத்தில் டார்ட் பிடிப்பார்கள், அதாவது உபரித் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பார்கள், நானும் ஆப்புப்போல் ஒரு துண்டை வெட்டியெடுத்தேன். குரோஷேயில் கண்ணியைக் குறைத்துக் குழியவைக்கும் அதே வேலை. ஃபோமைச் சாய்வாக வெட்டி, ஹீட் கன்னின் சூட்டில் மேற்பரப்பு லேசாக மினுங்கும்வரை காட்டி வளைத்து, இரண்டு ஓரத்திலும் பசை தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டினேன். பொறுக்காமல் ஒட்டிய முதல் கவசம் அணிந்த பத்தாவது நிமிடத்தில் வாயைப் பிளந்துகொண்டது.

ஏதோ ஒன்றின் மீது பித்துக்கொண்டு, கீக் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் கூட்டத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றும் உண்டு. எந்தப் பாகத்தில் எந்தக் கதாபாத்திரம் எப்போது வந்தது என்று கேள்வி கேட்டு, பதில் தெரியாதவரை ஒதுக்கி நிறுத்தும் பழக்கம் அது. எனக்கு அந்தத் தேர்வில் தேறத் தெரியாது. ஆனால் அந்தக் கதாபாத்திரத்தின் இடுப்புக் கச்சையில் கொக்கி எந்தப் பக்கம் மாட்டுகிறது என்று ஒருவர் கேட்டால், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொல்ல முழு இரவையும் கொடுப்பேன். எல்லாம் ஆயத்தமாக வாங்கி அணிந்தவரையும் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் பேசத்தான் எனக்கு விஷயம் குறைவு.

பன்னிரண்டு ஐகான்களையும் ஒப்படைத்த நாளில், தைத்த கத்தரிக்கோலையும் அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆசிரியர் ஐகான்களை வரிசையாகப் பார்த்துவிட்டுத் துணியின் முன் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு சுண்டுவிரல் நகத்தால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டு வந்து, "வலது வளையம் ஒரு கட்டம் தள்ளியிருக்கே," என்றார்.

"பிரிச்சுத் தைச்சிடறேன் சார்."

"வேணாம், இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. இது எத்தனை இழை?"

இரண்டு என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேல்கால் ஏன் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார்; அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே அந்த வளையத்தைப் பிரித்துவிட்டேன்.