அடகு மீட்ட முடி

பெப்ரவரி 3
அக்காவின் அறிக்கை இன்னும் வரவில்லை.

பெப்ரவரி 4
ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் இரண்டு மணிக்குத்தான். பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். ஆற்றங்கரைக் குளிரில் நிற்க முடியாமல் சாந்த் சப்பெல் என்ற பழைய அரண்மனைக் கோயிலுக்குப் போனேன். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் வாசலில் சோதனை. அக்காவுக்கு ஆப்பிள் வெட்டும் கத்தி பைக்குள் கிடந்தது மறந்தே போச்சு. ஒரே வெட்கம்.

கீழ்த்தளம் அரண்மனை வேலையாட்கள் கும்பிட்ட இடம், கூரை தாழ்வு. ஒடுங்கிய சுருள்படியில் ஏறினால் மேலே சுவர் என்று பெரிதாக எதுவும் இல்லை, கண்ணாடிதான். 15 சாளரம், 1,113 காட்சி. வெயில் வந்தபோது என் புறங்கை ஊதா நிறமாயிற்று. மேகம் மூட, பழையபடி என் கை.

பெப்ரவரி 5
அக்கா கஞ்சி குடிக்கவில்லை. "எங்கயடா திரிஞ்சனி?" என்று கேட்டாள். சொல்லவில்லை.

பெப்ரவரி 8
இரவு முழுக்க அந்தக் கணக்குத்தான். கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசன் போல்டுவினுக்குக் காசு முடை. இயேசுவின் முள்முடி என்று வணங்கியதை வெனிஸ்காரரிடம் அடகு வைத்தார்கள். பிரெஞ்சு ராசா ஒன்பதாம் லூயி கடனை அடைத்து மீட்டான். அந்தக் காலப் பிரெஞ்சுக் காசில் 135,000 லிவ்ர். அதை வைக்கக் கட்டிய கோயில்தான் சாந்த் சப்பெல், அதற்கு 40,000தான். 1239இல் முடி வந்தபோது ராசா வெறுங்காலோடு எதிர்கொண்டு போய்ச் சுமந்தானாம். 1248இல் கோயில் அபிஷேகம்.

அடகு மீட்கப்படும் என்று யார் நம்புகிறோம்? என்னைப் பாரிசுக்கு அனுப்ப அக்கா வைத்த காப்பு நான்கு. வட்டிகூட நான் கட்டவில்லை. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பெப்ரவரி 9
மழை. போகவில்லை.

பெப்ரவரி 11
இன்று மறுபடி சாந்த் சப்பெல். வலப்பக்கம் கடைசிச் சாளரத்தில் அந்த முடி வந்த கதையே இருக்கிறது. கழுத்து வலிக்கப் பார்த்தேன். புரட்சிக்குப் பிறகு இங்கே நீதிமன்றக் கடதாசிக் கட்டுகளை அடுக்கினார்கள். அலுமாரி வைக்கச் சாளரங்களின் அடியில் இரண்டு மீட்டர் கண்ணாடியைக் கழற்றினார்களாம். கடதாசிக்காக! முடி இப்போது நோத்ரதாம் பேராலயத்தில், 2019 தீயிலும் தப்பியது. ஆனால் அதில் முள் இல்லை. ராசாமார் ஒவ்வொன்றாகப் பரிசு கொடுத்து, மிச்சம் வெறும் கோரை வளையம்.

காப்பு வளையம் மாதிரி.

பெப்ரவரி 12
காப்பைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் காப்பு?" என்றாள். நடிக்கிறாள்.

பெப்ரவரி 14
தொலைபேசி வந்தது. நாளை ஒன்பது மணிக்கு. துணைக்கு ஒருவரையும் கூட்டிவரட்டாம்.
கத்தியை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். ஆப்பிள் இரண்டு பைக்குள்.