கொக்குவில் விறாந்தையில் போக்கர்: செய்து பார்த்த அனுபவம்

304 என்ற சீட்டாட்டத்தை ஆடிப் பழகிய ஒருவருக்கு, பந்தயம் வைத்து ஆடும் போக்கர் என்ற சீட்டாட்டம் எவ்வளவு தூரம் பிடிபடும் என்று பார்க்கும் எண்ணத்தில், கொக்குவிலில் மச்சான் வீட்டுப் பின்விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் ஆடிவரும் ஆட்டத்தைப் பற்றிய குறிப்புகள் இவை. நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பெரியம்மாவின் மகன்தான் எங்களுக்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகையைக் கற்றுத் தந்தார். அவர் திரும்பிப் போன பின்பும் மேசை கலையவில்லை. காசு வைத்து ஆடக்கூடாது என்பது மச்சாளின் கண்டிப்பு. ஆகவே ஆளுக்கு 100 புளியங்கொட்டைகளைப் பங்கிட்டு, இரவு முடிவில் இழந்த கொட்டைகளின் விகிதப்படி கொத்துரொட்டிச் செலவை ஏற்றுக்கொள்கிறோம்.

ஆட்டம் எளியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டுகள். பின்னர் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து திறந்த சீட்டுகள் விழும். மூன்று விழுவதை ஃபிளொப் என்றும் மற்ற இரண்டையும் முறையே டேர்ன், ரிவர் என்றும் சொல்வார்கள். இந்த ஏழில் மிகச் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை: ஜோடியைவிட ஒரே எண்ணில் மூன்றும், அதைவிட வரிசையான ஐந்து எண்களும், அதைவிட ஒரே இனத்தில் ஐந்தும் உயர்ந்தவை. நாங்கள் ஆடுவது பந்தயத்துக்கு வரம்புள்ள வகை: சீட்டுக் கொடுக்குமுன் இருவர் கட்டாயமாக வைக்க வேண்டியவை 1, 2 கொட்டைகள்; மூடிய சீட்டுகள் வந்த பின்பும், நடுவில் சீட்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுப் பந்தயம்; முதல் இரண்டு சுற்றுகளில் பந்தயம் 2, பின்னைய இரண்டிலும் 4. லாஸ் வேகாஸின் மலிவான சூதாட்ட விடுதிகளில் 2-4 டொலர் மேசைகள் இதே அளவில்தான் நடந்தன என்றும், அங்கும் இரைச்சலுக்குக் குறைவில்லை என்றும் ரொறன்ரோ அண்ணா சொன்னார்.

எங்கள் இரைச்சல் வேறு வகையானது. பக்கத்து மேசையில் மூத்தவர்கள் 304 அடிக்கிறார்கள்; துரும்பால் வெட்டும் ஒவ்வொரு முறையும் சீட்டை மேசையில் அறைந்து, எதிரணியின் பரம்பரையையே விசாரிக்கிறார்கள். உள்ளே தொலைக்காட்சியில் கிரிக்கெட். எங்கள் மேசையில் ஆறு பேர் இருந்தால் ஐவர் சீட்டைக் கீழே வைத்து விலக மனமில்லாதவர்கள். “வந்தது வந்தம், நடுவில என்ன விழுதெண்டு பாப்பம்” என்பதே அவர்களுடைய முழுக் கொள்கை.

304 தந்த பழக்கங்களில் சில உதவின, சில இடைஞ்சலாயின. அந்த ஆட்டத்தில் 32 சீட்டுகளே உண்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, இராசா 3, இராணி 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள், நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. எட்டுச் சீட்டையும் ஆடியே தீர வேண்டும், எதிரே ஒரு பங்காளியும் இருப்பார், கவனமாக எண்ணுபவருக்கு ஆட்டத்தின் பிற்பாதியில் யாரிடம் எது இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். போக்கரில் பங்காளி இல்லை. எதிராளி சீட்டைக் காட்டாமலே போட்டு விலகிவிட்டால் அது என்னவென்று ஒருபோதும் தெரிய வராது. முக்கியமாக, வந்த சீட்டைப் போட்டுவிடுவதே ஆட்டத்தின் பெரும்பகுதி. ஜோடியாகச் சீட்டு வருவது 17 தடவைக்கு ஒன்று, இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 தடவைக்கு ஒன்று என்னும்போது, காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சத்தமும் சிரிப்புமாக மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கையில் சும்மா இருப்பது, கணக்கு எதையும்விடக் கடினமான பயிற்சி.

போக்கர் என்றதும் வெறுங்கையோடு மிரட்டிப் பிறரை ஓட வைப்பதே கலை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்துக்குத் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு. 2003 இல் உலகப் போக்கர் தொடரின் முக்கிய போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டொலர் செலுத்தி ஆடிய தகுதிப் போட்டியின் வழியே நுழைந்து, 25 இலட்சம் டொலர் பரிசு வென்றார். இறுதியில் சாம் ஃபார்ஹா என்ற அனுபவசாலியை ஒன்றுமில்லாத கையோடு அவர் மிரட்டி விலகச் செய்த காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அது இருவர் மட்டும் எஞ்சிய நிலையில், வரம்பில்லாப் பந்தயத்தில் நடந்தது. எங்கள் மேசையில் நடுவில் 12 கொட்டைகள் இருக்கும்போது நான் 2 வைத்து மிரட்டினால், ஏழில் ஒரு தடவை எல்லோரும் ஓடினாலே எனக்குக் கட்டும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. எதிரே ஐந்து பேர் இருந்து, ஒவ்வொருவரும் பாதித் தடவை விலகுவார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஐவரும் ஒருங்கே விலகுவது 32 தடவைக்கு ஒன்றுதான். எங்கள் சின்னையாவோ பாதித் தடவை விலகுகிறவரும் அல்லர்.

ஆகவே மிரட்டலை முற்றாக விட்டு, நல்ல கை வந்தால் மறைக்காமல் பந்தயத்தை உயர்த்துவது என்ற முறைக்கு வந்தேன். எல்லோரும் எப்படியும் காசு கட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றால், கட்டுவதை நாம் பலமாக நிற்கும்போது கட்டட்டும். இதில் மனத்தைப் பழக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இரண்டு ஏஸ் சீட்டுகள் ஒருவருக்கு எதிராக 85 வீதம் வெல்லும். ஆனால் ஐந்து பேர் எந்தச் சீட்டோடும் கடைசிவரை நின்றால் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பாதித் தடவை ஏஸ் ஜோடியோடு தோற்பவர், “இந்தப் பயித்தியங்களோடு ஆட ஏலாது” என்று கத்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஆறில் ஒரு பங்கு கட்டிவிட்டு, பாதித் தடவை முழுக் குவியலையும் எடுப்பவர் எதற்காகக் கத்துகிறார் என்பது எனக்கு விளங்குவதில்லை.

சின்னையாவின் ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு ஏற்பட்டது. அவர் எதையும் துரத்துவார் என்பது மேசையின் நிரந்தரப் பகிடி. ஒரே இனத்தில் நான்கு சீட்டு அமைந்து, ஐந்தாவதற்காக அவர் காத்திருக்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். தெரியாத 47 சீட்டுகளில் 9 அவருக்கு உதவும். அதாவது அடுத்த சீட்டில் அது வராமல் போவதற்கான வாய்ப்பு, வருவதற்கானதைப் போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் கூட. ஆனால் முன்சுற்றில் சேர்ந்த 12 கொட்டைகளோடு, பந்தயம் வைத்தவரும் பின்தொடர்ந்த மூவரும் போட்ட 8 சேர்ந்து 20 கிடக்க, அவர் கட்ட வேண்டியது 2 மட்டுமே. பத்து மடங்கு கிடைக்கும் இடத்தில் துரத்துவது மடமையன்று, கணக்கு. வரிசையின் நடுவில் ஒரே ஓர் எண் குறையும்போது உதவும் சீட்டுகள் 4 தான். அங்கே எதிர்வாய்ப்பு 10.75 மடங்கு. அதுகூட, பிந்திய சுற்றுகளில் சேரக்கூடியதையும் எண்ணினால், பெரும்பாலும் கட்டிவிடும். வரம்புள்ள பந்தயத்தில், பந்தயத்தால் மற்றவர்களை விரட்டி, கூட்டம் நிறைந்த குவியலைப் பாதுகாக்க வழியே இல்லை என்பதைச் சின்னையா பேனை எடுக்காமலே கண்டுபிடித்திருக்கிறார். அவர் இழப்பது துரத்துவதால் அன்று. எந்த இரண்டு சீட்டோடும் தொடங்குவதால்.

இதன் பின்பு தொடக்கச் சீட்டுகளை வேறு விதமாகத் தெரிவு செய்கிறேன். இராசாவும் ஜாக்கும் வேறுவேறு இனமாக வந்தால் முன்பு மகிழ்ந்து இறங்குவேன். ஆறு பேர் நிற்கும் மேசையில் ஒரே ஒரு ஜோடி பெரும்பாலும் போதாது என்பதால் இப்போது அதைப் பலமுறை போட்டுவிடுகிறேன். மாறாக, ஒரே இனத்தில் ஏஸோடு வரும் சிறு சீட்டுக்கும் சிறிய ஜோடிகளுக்கும் மதிப்புக் கூடிவிட்டது. சிறிய ஜோடி ஃபிளொப்பில் மூன்றாவது சீட்டைப் பெறுவது ஏறக்குறைய எட்டரைத் தடவைக்கு ஒன்று. கிடைக்காவிட்டால் 2 கொட்டையோடு விலகலாம். கிடைத்தால் எல்லோரும் விரும்பிக் கட்டுவார்கள்.

முகம் பார்த்து அறிவது பற்றியும் கொப்பியில் எழுதி வருகிறேன், ஆனால் அதில் அதிகம் இல்லை. எந்நேரமும் கத்துகிறவர் திடீரென்று அடங்கி, சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல் தேநீரைக் குடித்தால் விலகுவது நல்லது. மற்றவையெல்லாம் பெரும்பாலும் நம் கற்பனை.

உண்மையான சூதாட்ட விடுதியில் இதே ஆட்டம் இலாபம் தருமா என்று மச்சான் கேட்டான். அமெரிக்க விடுதிகள் பல, ஒவ்வொரு குவியலிலும் ஒரு குறிப்பிட்ட உச்சம் வரை பத்தில் ஒரு பங்கை மேசைக் கட்டணமாக எடுத்துவிடுகின்றன. எங்கள் மேசையில் 40 கொட்டைகள் கொண்ட குவியலில் 4 போனால், அது பிந்திய சுற்றின் ஒரு முழுப் பந்தயம். சிறிய பந்தய மேசைகளில் திறமையானவரின் மிச்சத்தைக்கூட அக்கட்டணம் கரைத்துவிடக்கூடும் என்பதால், கொக்குவில் விறாந்தையே எனக்கு வசதி. அடுத்து வரம்பில்லாப் பந்தயத்தை ஒரு மேசையில் மட்டும் ஆடிப் பார்க்கலாம் என்று பேச்சு நடக்கிறது. புளியங்கொட்டை ஆளுக்கு 200 வேண்டும் என்கிறான் மச்சான். சின்னையா 100 போதும் என்கிறார், ஏனென்றால் கொத்துரொட்டிக் கணக்கைப் புதிதாகப் போட அவருக்கு விருப்பமில்லை.