துவக்க வரிசை: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 9, 2025, வியாழன்
அப்பா பயன்படுத்தும் மடிக்கணினியில், விண்டோஸ் 10-க்குப் பக்கத்தில், டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி முடித்தேன். எந்த இயங்குதளம் முதலில் துவங்கும் என்ற வரிசையைக் காட்டும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையைக் கொடுத்தால் 0001, 0000 என்று, டெபியன் முதலிலும் விண்டோஸ் அடுத்ததாகவும் சரியாகவே இருக்கிறது. ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் விண்டோஸ்தான் எழுந்து வருகிறது, வரிசையும் தலைகீழாகிவிடுகிறது. துவக்கப் பட்டியலைத் திறக்கும் எஃப்12-ஐ அழுத்தி நான் தேர்ந்துகொள்வேன். அப்பாவின் விரல் விசையில் நிற்பதில்லை.

அக்டோபர் 10
அதே கட்டளைக்கு மைனஸ் ஓ கொடுத்து வரிசையை மாற்றினேன். மறுபடியும் 0000.

அக்டோபர் 11, சனி
இந்த வரிசை வட்டில் இல்லை, மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது என்பதுதான் நாள் முழுவதும் மனத்தை அரித்தது. 2016-இல் சிலர் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, எல்லாக் கோப்புகளையும் அழித்தபோது அந்தச் சிப்பின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இஎஃப்ஐவார்ஸ் அடைவில் தெரியும் மாறிகளும் சேர்ந்து அழிந்து, சில மடிக்கணினிகள் அதன்பின் துவங்கவே மறுத்தன. லினக்ஸ் 4.5 முதல் அந்த மாறிகளில் பெரும்பாலானவற்றை இயங்குதளத்தின் மையமான கெர்னலே பூட்டி வைக்கிறது. எவை பூட்டப்பட்டிருக்கின்றன என்று காட்டும் எல்எஸ்அட்டர் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி பூட்டைக் குறிக்கும் 'ஐ' கொடி நின்றது, துவக்க வரிசையை வைத்திருக்கும் பூட்ஆர்டர் போன்ற சிலவற்றில் மட்டும் இல்லை. நான் கைவைக்க வேண்டியவை துல்லியமாக அந்தச் சிலதான்.

அக்டோபர் 12
எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் என்ற புதுப்பிப்புக் கருவி, மதர்போர்டு சிப்பில் இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு ஒன்று இருப்பதாகக் காட்டியது. அதில் இந்தக் கோளாறு தீர்ந்திருக்கலாம்; ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது? இந்த பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. வேண்டாம்.

அக்டோபர் 14, செவ்வாய்
விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. அதை அழித்துவிடலாம் என்றால் அப்பாவின் கணக்குகள் அதற்குள் இருக்கின்றன. கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட்டுக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் வேறு 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. ஏற்கெனவே கையெழுத்திட்ட, டெபியனை எழுப்பும் சிறு நிரலான ஷிம் அதற்குப் பிறகும் துவங்கும் என்பதால் அந்தக் கவலையை ஒத்திவைக்கிறேன். இன்று அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 15
வழி கிடைத்தது. வரிசையோடு மல்லுக்கட்டுவதை விட்டு, இஎஃப்ஐபூட்எம்ஜிஆருக்கு மைனஸ் பி 0000, மைனஸ் பெரிய ஏ என்று கொடுத்து வரிசையில் உள்ள விண்டோஸ் பதிவையே செயலற்றதாக்கினேன். பட்டியலில் 0000-க்குப் பக்கத்திலிருந்த நட்சத்திரக் குறி மறைந்தது. பதிவு அப்படியே இருக்கிறது, சின்ன ஏ கொடுத்தால் திரும்பிவிடும். முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மறுபடி போட்டேன். டெபியனைத் துவக்கும் கிரப் பட்டியல் வந்தது! அவ்வளவு நேரமும் மனம் 2016-இலேயே இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்
அப்பா தாமே பவர் பொத்தானை அழுத்தினார். வேறெந்த விசையும் தேவைப்படவில்லை. ஆனால் விண்டோஸ் ஒருமுறை எழுந்தால் தன் பதிவைத் தானே மீட்டுக்கொள்ளக்கூடும். கிரப் இப்போதெல்லாம் பிற இயங்குதளங்களைத் தானாகத் தேடிப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது இந்த வீட்டுக்கு நல்லதாயிற்று. கணக்கு வேண்டுமென்றால் நான்தான் எஃப்12 அழுத்தித் திறக்க வேண்டும், திறந்தபின் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்குக் கிளம்புமுன் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அமைத்துவிட்டால் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நாளை காலை ஸ்கேன், அது முடிந்து வந்ததும் முதல் வேலை அதுதான்.